நௌகாவும் நாள் குறித்தவர்களும்

"பிந்தினாலும் வந்து சேர்ந்துவிட்டதுதானே, இனி அதைப் பற்றி என்ன பேச்சு?"

ரஷ்யாவின் நௌகா ஆய்வுக்கலத்தைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் நண்பர்கள் சிலர் இந்தக் கேள்வியைக் கேட்டு விவாதத்தை முடித்துவைக்கப் பார்க்கிறார்கள். 2007 ஆம் ஆண்டில் விண்ணுக்குச் செல்லவேண்டியிருந்த அந்தக் கலம் 2021 ஜூலையிலேயே சென்றது. பதினான்கு ஆண்டுத் தாமதம். ஆனாலும் சென்றது, சர்வதேச விண்வெளி நிலையத்துடன் இணைந்தது, அதன் ஓர் அங்கமாகிவிட்டது. ஆகவே, ரஷ்ய விண்வெளித்துறையைக் குறைகூறியவர்களின் வாய் அடைபட்டுவிட்டது என்பது அவர்களது கட்சி.

எனது கட்சி வேறு. நௌகா வந்து சேர்ந்ததை நானும் வரவேற்கிறேன். ஆனால், வந்து சேர்ந்தது என்ற ஒரே காரணத்தைக் காட்டி, ஏன் பிந்தியது என்ற கேள்வியைப் புதைத்துவிட முடியாது. அந்தக் கேள்விக்கு உரிய இடத்தில், உரிய முறையில், உரியவர்கள் பதில் சொல்லவில்லை. அதனாலேயே அதே கதை இப்போது வேறொரு கலத்தின் பெயரில் மீண்டும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ரஷ்யர்களால் முடியாது என்று கைகொட்டிச் சிரிக்கும் கூட்டத்தில் நான் இல்லை. 1961 டிசம்பரில் யூரி ககாரின் இலங்கைக்கு வந்தார். மொஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் எங்கள் தலைமுறையினர். உலகின் முதலாவது விண்வெளி நிலையமாகிய சல்யூட்டை 1971 ஏப்ரலில் ஏவிய நாடு அது. 1986 முதல் 2001 வரை மிர் நிலையத்தை விண்ணில் வைத்திருந்த நாடு அது. அந்த நாட்டின் பொறியியலாளர்கள்மீது எனக்குள்ள மதிப்புக் குறையவில்லை. அந்த மதிப்பே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

உதிரியாகப் பிறந்த கலம்

நௌகா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் காதில் மரக்கலம் என்ற பொருளே ஒலிக்கும். ரஷ்ய மொழியில் அதன் பொருள் அறிவியல். ஆனால் இந்தக் கலம் அறிவியலுக்காகக் கட்டப்பட்டதல்ல. சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதற்கூறாகிய ஸார்யா 1998 நவம்பர் 20 ஆம் திகதி ஏவப்பட்டது. அது விபத்தில் அழிந்துபோனால் உடனே பதிலுக்கு அனுப்புவதற்கென மொஸ்கோவின் குருனிச்செவ் தொழிற்சாலையில் அதேபோன்ற இன்னொரு உடற்கூடும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஸார்யா பத்திரமாகச் சென்றதும் உதிரிக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஏறத்தாழ எழுபது வீதம் முடிந்த நிலையில் அது ஒரு மூலையில் நிறுத்தப்பட்டது.

2004 இல் ரஷ்ய அதிகாரிகளுக்கு அதன் நினைவு வந்தது. அமெரிக்காவின் டெஸ்டினி ஆய்வுகூடம் 2001 முதல் விண்ணில் இயங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவும் ஜப்பானும் தமது ஆய்வுகூடங்களை அனுப்பக் காத்திருந்தன. விண்வெளி நிலையங்களின் முன்னோடியாகிய ரஷ்யாவுக்கோ நிலையத்தில் சொல்லத்தக்க ஆய்வுகூடம் ஒன்றும் இல்லை. புதிதாகக் கட்டப் பணம் வேண்டும். கையில் பாதிக்குமேல் முடிந்த உடற்கூடு இருக்கிறது. அதையே பல்நோக்கு ஆய்வுகூடமாக மாற்றி 2007 இல் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

காகிதத்தில் இது கெட்டிக்காரத்தனமான முடிவு. இருக்கும் சுவரில் வீடு கட்டுவது மலிவு என்றே எல்லோரும் நினைப்பார்கள். பழைய சுவரை இடித்து வாசல் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். விண்கலத்தில் குழாய்க்கும் கம்பிக்கும் இறப்பர் வளையத்துக்கும் உத்தரவாதக் காலம் உண்டு. ஒரு பாகத்தை மாற்றி முடிப்பதற்குள் இன்னொரு பாகத்தின் காலம் காலாவதியாகிவிடும். 1990 களில் பொருத்தியதை 2010 களில் கழற்ற வேண்டியிருந்தது. தொடக்கத்தில் மிச்சம் பிடிக்கப்பட்ட பணம் பின்னர் பலமடங்காகக் காலத்தில் வசூலிக்கப்பட்டது.

இவ்விடத்தில் நண்பர்கள் உடனே 1990 களின் வறுமையை நினைவூட்டுவார்கள். சோவியத் ஒன்றியம் சிதறியபின் தொழிற்சாலைகள் சம்பளம் கொடுக்க வழியின்றித் தவித்தது உண்மை. நிலையத்தின் உயிர்நாடியாகிய ஸ்வெஸ்தா கூறு 2000 ஜூலையில் ஏறத்தாழ இரண்டாண்டு பிந்திச் சென்றதற்கு அதுவே காரணம். ஆனால் நௌகாவின் கதை தொடங்குவது 2004 இல். அதன்பின் வந்த ஆண்டுகளில் எண்ணெய் விலை ஏறியது. 2008 இல் பீப்பாய் நூறு டொலரைத் தாண்டியது. மொஸ்கோவின் கருவூலம் நிரம்பியிருந்த காலத்திலேயே 2007 என்பது 2009 ஆயிற்று, 2009 என்பது 2011 ஆயிற்று, அதுவும் கடந்து போயிற்று. வறுமையை எல்லாவற்றுக்கும் சாட்சிக்கு அழைக்க முடியாது.

குழாய்க்குள் உலோகத் துகள்

2012 டிசம்பரில் ஒருவழியாக நௌகா குருனிச்செவ்வை விட்டு வெளியேறி எனர்ஜியா நிறுவனத்திடம் இறுதிச் சோதனைக்காகக் கையளிக்கப்பட்டது. 2013 இல் சோதனையாளர்கள் எரிபொருட் குழாய்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்களைக் கண்டுபிடித்தார்கள். கலம் வந்த வழியே திரும்பிச் சென்றது. குழாய்களை மாற்றவும் கழுவவும் ஆண்டுகள் கடந்தன. 2017 இல் எரிபொருள் தாங்கிகளுக்குள்ளேயே அதே மாசு இருப்பது தெரியவந்தது.

இந்தத் தாங்கிகளைப் பற்றிச் சற்று விளக்கவேண்டும். மடிப்புமடிப்பாகச் சுருங்கி விரியும் உலோகத் துருத்தியை உள்ளே கொண்டவை அவை. எடையற்ற வெளியில் எரிபொருளைத் தள்ளவும், மீண்டும் நிரப்பவும் அந்தத் துருத்தியே உதவுகிறது. அத்தகைய தாங்கிகளின் உற்பத்தி எப்போதோ நின்றுபோயிற்று. புதிதாகச் செய்விக்க வழியில்லை. வேறு வகைத் தாங்கிகளைப் பொருத்தலாமா என்று ஆராய்ந்தார்கள். ஈற்றில் பழைய தாங்கிகளையே துப்புரவாக்கிக் கலத்துடன் அனுப்பினார்கள்.

சாணை பிடிக்கும்போதோ அறுக்கும்போதோ உதிரும் தூள் குழாய்க்குள் போவது தொழிற்சாலையில் நடக்கக்கூடிய தவறுதான். ஒருவர் கவனக்குறைவாக இருந்தால் மற்றவர் கண்டுபிடிப்பார்; அதற்காகவே பரிசோதகர் என்று ஒருவர் சம்பளம் பெறுகிறார். இங்கே துகள் குழாய்க்குள் போனது மட்டும் பிரச்சினை இல்லை. அது எத்தனை கைகளைத் தாண்டி, எத்தனை ஒப்பங்களைப் பெற்று, தொழிற்சாலை வாயிலைக் கடந்தது என்பதே பிரச்சினை.

அதே 2013 ஜூலை 2 ஆம் திகதி பைக்கனூரிலிருந்து கிளம்பிய புரோட்டோன் ரொக்கெட் சில வினாடிகளில் தலைகீழாகக் கவிழ்ந்து மூன்று வழிகாட்டற் செய்மதிகளுடன் வெடித்துச் சிதறியதை வாசகர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அந்த ரொக்கெட்டையும் கட்டியது குருனிச்செவ்தான். கோணத் திசைவேகத்தை அளக்கும் உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன என்று ரஷ்ய விசாரணைக்குழுவே கண்டறிந்தது. தவறான பக்கமாகப் பொருத்த முடியாதவாறு வடிவமைக்கப்பட்டிருந்த பாகத்தைப் பலாத்காரமாக அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். பொருத்தியவர் ஒருவர், மேற்பார்வை செய்து ஒப்பமிட்டவர்கள் வேறு. உலோகத் துகளையும் தலைகீழ் உணரியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு நோய் எதுவென்று புரியும். ஒப்பம் இருந்தது, பரிசோதனை இருக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னர் என்ன நடந்தது? கடனில் மூழ்கிய குருனிச்செவ்வின் மொஸ்கோ நிலம் கைமாறத் தொடங்கியது. பிலி பகுதியிலுள்ள அதன் வளாகத்தில் 2019 முதல் தேசிய விண்வெளி மையம் என்ற பெயரில் 47 மாடிக் கோபுரம் ஒன்று எழுந்தது. கலம் செய்யும் பட்டறையின் நிலத்தில் கோப்புப் பார்ப்பவர்களுக்கு மாளிகை. துறையின் முன்னுரிமை எது என்று அறிய வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

முன்னே போன சீதனம்

தாமதத்தின் விலையைப் பணத்தில் மட்டும் கணக்கிடக்கூடாது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 11 மீற்றருக்கு மேல் நீளமான இயந்திரக் கை ஒன்றைச் செய்து, அதை நௌகாவுடன் அனுப்புவதற்கு ஒப்பந்தம் செய்திருந்தது. அந்தக் கை ஆண்டுக்கணக்கில் பூமியில் காத்துக் கிடந்தது. இளமையில் அதை வடிவமைத்தவர்கள் தலைநரைத்த பின்னரே அது விண்ணில் அசைவதைக் கண்டார்கள்.

2010 மே மாதம் அமெரிக்க விண்ணோடம் அட்லாண்டிஸ், ரஷ்யாவின் ரஸ்வெத் என்ற சிறிய கலத்தை நிலையத்துக்குக் கொண்டுசென்றது. அதன் வெளிப்புறத்தில் நௌகாவுக்குரிய காற்றுப்பூட்டு அறையும், வெப்பத்தை வெளியேற்றும் தட்டும், இயந்திரக் கைக்குரிய மாற்று முழங்கையும் கட்டி அனுப்பப்பட்டன. மணப்பெண் வருவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே சீதனப் பெட்டிகள் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் வெயிலில் கிடந்த கதை இது. அந்த வெப்பத் தட்டு 2023 ஏப்ரலில்தான் நௌகாவுக்கு மாற்றிப் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 9 ஆம் திகதி அதிலிருந்து குளிரூட்டும் திரவம் கசிந்து வெளியேறியது. பூமியை விட்டுப் புறப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகளான பொருள் அது.

2017 இல் நிலையத்திலிருந்த தனது வீரர்களின் எண்ணிக்கையை ரஷ்யா மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. நௌகா வரும்வரை மூவருக்கு அங்கே போதிய வேலை இல்லை என்பதும் செலவை மிச்சப்படுத்துவதும் காரணங்களாகக் கூறப்பட்டன. ககாரினின் நாட்டுக்கு விண்ணில் வேலை இல்லை. இதைவிட ஒரு விண்வெளித்துறைக்கு நேரக்கூடிய அவமானம் வேறென்ன? ஆய்வுகூடம் கிடைக்கும் என்று நம்பித் தமது ஆராய்ச்சிகளைத் திட்டமிட்ட ரஷ்ய விஞ்ஞானிகளின் பதினான்கு ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஒன்றரைச் சுற்று

2021 ஜூலை 21 ஆம் திகதி புரோட்டோன் ரொக்கெட் நௌகாவைப் பைக்கனூரிலிருந்து ஏற்றிச் சென்றது. 20 தொன்னுக்கு மேல் எடையும் 13 மீற்றர் நீளமும் கொண்ட கலம். ஏவுதல் பிசகின்றி நடந்தது. ஆனால் சுற்றுப்பாதையில் விடப்பட்டதும் உந்துவிசை அமைப்பு எதிர்பார்த்தபடி இயங்க மறுத்தது. தரைக் கட்டுப்பாட்டாளர்கள் இரவுபகலாகப் போராடி, மாற்றுவழிகளைக் கண்டுபிடித்து, கலத்தை மெல்ல மெல்ல உயர்த்தினார்கள். அவர்களுடைய திறமைக்குத் தலைவணங்கவேண்டும். 2001 முதல் அந்த இடத்தில் இணைந்திருந்த பிர்ஸ் என்ற சிறுகலம் ஜூலை 26 ஆம் திகதி கழற்றப்பட்டு எரிந்துபோக விடப்பட்டது. ஜூலை 29 ஆம் திகதி நௌகா அவ்விடத்தில் இணைந்தது. மொஸ்கோவில் கைகுலுக்கல்கள் நடந்தன.

ஏறத்தாழ மூன்று மணிநேரத்தின்பின், நிலையத்துடன் இறுகப் பூட்டப்பட்டிருந்த நௌகாவின் உந்துபொறிகள் யாரும் கட்டளையிடாமலே எரியத் தொடங்கின. இணைந்துவிட்டோம் என்பதை அறியாததுபோல் கலம் நிலையத்தை விட்டு விலகிப்போக முயன்றது. 400 தொன்னுக்கு மேற்பட்ட நிலையம் தன் நிலைகுலைந்து திரும்பத் தொடங்கியது. உள்ளே ஏழு பேர் இருந்தார்கள்: ரஷ்யர் இருவர், அமெரிக்கர் மூவர், ஒரு ஜப்பானியர், ஒரு பிரெஞ்சுக்காரர். ஹூஸ்டனிலிருந்து நௌகாவை நிறுத்த வழியில்லை. ரஷ்யத் தரை நிலையங்களின் மேலாகச் செல்லும்போதே அதற்குக் கட்டளை அனுப்ப முடியும். அதற்கோ ஒரு மணிநேரத்துக்கு மேல் இருந்தது. ஸ்வெஸ்தாவின் பொறிகளையும், பிறகு இணைந்திருந்த புரோகிரஸ் சரக்குக் கலத்தின் பொறிகளையும் எதிர்த்திசையில் இயக்கி நிலையத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். இடையில் இருமுறை வீரர்களுடனான தொடர்பு துண்டிக்கப்பட்டது.

முதலில் 45 பாகை திரும்பியதாக நாசா அறிவித்தது. பின்னர், அன்று கடமையிலிருந்த நாசாவின் பறப்பு நெறியாளர் 540 பாகை என்று பத்திரிகைக்குக் கூறினார். அதாவது நிலையம் ஒன்றரைச் சுற்றுச் சுற்றியிருக்கிறது. அவரது பணிக்காலத்தில் அவர் முதன்முறையாக விண்கல அவசரநிலையைப் பிரகடனம் செய்த நாள் அது. மென்பொருளில் ஏற்பட்ட குறுகியநேரக் கோளாறே காரணம் என்று ரஷ்யப் பகுதியின் பறப்புப் பணிப்பாளர் விளாடிமிர் சொலொவியோவ் அறிக்கை வெளியிட்டார். ரொஸ்கொஸ்மொஸின் தலைவராக அப்போதிருந்த ரொகோசின், இணைப்பு வெற்றியடைந்த மகிழ்ச்சியில் ஆட்கள் சற்றுத் தளர்ந்துவிட்டார்கள் என்ற கருத்துப்பட விளக்கம் அளித்தார்.

மகிழ்ச்சியில் தளர்ந்துவிட்டார்களாம். ஏழு உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்த விடயத்துக்கு இது ஒரு விளக்கமா? பதினான்கு ஆண்டுகள் கிடைத்தும் மென்பொருள் ஏன் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கு இதில் எங்கே பதில் இருக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை விண்வெளியிலும் செய்யலாம் என்று காட்டியவர் ரொகோசின்.

மேற்கு நாடுகள் பிந்துவதில்லையா?

இந்தக் கேள்வியை நண்பர்கள் எறிவார்கள் என்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வியும்கூட. நானே அவர்களுக்கு இன்னும் வலுவான உதாரணம் ஒன்றைத் தருகிறேன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2007 இல் ஏவப்படும் என்று 1990 களின் இறுதியில் பேசப்பட்டது. அது ஏவப்பட்டது 2021 டிசம்பர் 25 ஆம் திகதி. நௌகாவுக்குக் குறித்த அதே ஆண்டு. நௌகா சென்ற அதே ஆண்டு. செலவோ ஏறத்தாழ 10 பில்லியன் டொலர். அங்கேயும் துப்புரவுக் குறைபாடு நேர்ந்தது: உந்துபொறி வால்வுகளைத் தவறான கரைப்பானால் கழுவிக் கெடுத்தார்கள். சோதனையின்போது திருகாணிகள் கழன்று விழுந்தன.

வேறுபாடு எங்கே? 2010 இல் சுயாதீனக் குழுவொன்று அந்தத் திட்டத்தை ஆராய்ந்து, குறை தொழில்நுட்பத்தில் இல்லை, வரவுசெலவிலும் நிர்வாகத்திலுமே இருக்கிறது என்று எழுத்தில் அறிக்கை கொடுத்தது. 2011 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு திட்டத்தையே கைவிடவேண்டும் என்று வாக்களித்தது. 2018 இல் இன்னொரு சுயாதீனக் குழு திருகாணி விழுந்ததையும் கரைப்பான் மாறியதையும் பெயர் சொல்லி எழுதி, ஒவ்வொரு தவறும் எத்தனை மாதத்தை விழுங்கியது என்று கணக்குக் காட்டியது. அந்த அறிக்கைகளை யாரும் படிக்கலாம். நாசாவின் தலைமை வெட்கித் தலைகுனிந்தது. அந்தத் தலைகுனிவின் பயனாகவே தொலைநோக்கி விண்ணில் விரிந்தபோது ஒரு திருகாணியும் பிசகவில்லை.

நௌகாவுக்கு அவ்வாறான அறிக்கை எங்கே? உலோகத் துகள் பற்றி உலகம் அறிந்தது பெயர் குறிப்பிடாத வட்டாரங்கள் ரஷ்யச் செய்தி முகவரகங்களுக்குக் கசியவிட்ட தகவல்களாலும், துறையைக் கூர்ந்து கவனிக்கும் சில தனிமனிதர்களின் உழைப்பாலும்தான். இது சோவியத் காலத்திலிருந்து வரும் பழக்கம். 1960 ஒக்டோபர் 24 ஆம் திகதி பைக்கனூரில் ஏவுகணை வெடித்து மார்ஷல் நெதெலினும் இன்னும் பலரும் கருகி மாண்டதை, சோவியத் மக்கள் ஏறத்தாழ மூன்று தசாப்தங்களின்பின் 1989 இல்தான் பத்திரிகையில் படித்தார்கள். ஆட்சி மாறிவிட்டது. பழக்கம் மாறவில்லை.

இவையெல்லாம் மேற்கு நாட்டுப் பரப்புரை என்று தட்டிக்கழிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வொஸ்தொச்னி ஏவுதளத்துக்கு ஒதுக்கிய 91 பில்லியன் ரூபிளில் 11 பில்லியன் களவுபோனது என்று 2019 நவம்பரில் சொன்னவர் கிரெம்ளின் பேச்சாளர் பெஸ்கொவ். அவரை அமெரிக்க உளவாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள் என நம்புகிறேன்.

பழைய குருடி, கதவைத் திறவடி

இனி, இன்றைய விடயத்துக்கு வருகிறேன். நௌகாவுக்குப் பின்னர் 2021 நவம்பரில் பிரிச்சால் என்ற உருண்டை வடிவ இணைப்புக் கலம் சென்று நௌகாவுடன் பொருந்தியது. ஆறு வாசல்கள் கொண்டது அது. அதில் வந்து இணையவேண்டியிருந்த முக்கிய விருந்தாளி, அறிவியல்-மின்சக்திக் கலம் எனப்படும் அடுத்த ஆய்வுகூடம். அதற்கான ஒப்பந்தம் 2012 இலேயே எனர்ஜியாவுக்கு வழங்கப்பட்டது. ஆனால் பிரிச்சால் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2021 ஏப்ரலில், அந்த விருந்தாளி இங்கே வரப்போவதில்லை, ரஷ்யாவின் சொந்த நிலையத்துக்கு முதற்கூறாக 2025 இல் செல்லும் என்று அறிவித்துவிட்டார்கள். வாசல்களைக் கட்டிமுடித்து, விருந்தாளியை வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன்பின் நடந்தவை திகதிகளின் ஊர்வலம். 2022 ஜூலையில் ரொகோசின் போய் போரிசோவ் வந்தார். வந்த கையோடு, 2024 இன் பின்னர் சர்வதேச நிலையத்திலிருந்து விலகுவோம் என்று ஜனாதிபதி புட்டினிடம் கூறினார். 2023 ஏப்ரலில் அது 2028 வரை தொடர்ந்து இருப்போம் என்றாயிற்று. 2024 ஜூலையில் சொந்த நிலையத்துக்கு 608.9 பில்லியன் ரூபிள் செலவில் அட்டவணை வெளியாயிற்று: முதற்கூறு 2027, முழு நிலையம் 2033. துருவங்களின் மேலாகச் சுற்றும். ரஷ்யாவின் முழு நிலப்பரப்பும் ஆர்க்டிக் பகுதியும் கண்ணுக்குத் தெரியும். அதனாலேயே புதிய சுற்றுப்பாதை என்று பெருமையுடன் விளக்கினார்கள். 2025 பெப்ரவரியில் போரிசோவ் போய் பக்கானோவ் வந்தார். முதற்கூறின் திகதி 2028 க்கு நகர்ந்தது. 2025 இன் இறுதியில் துருவப் பாதையும் கைவிடப்பட்டது. சர்வதேச நிலையம் சுற்றும் அதே 51.6 பாகைப் பாதையே போதும் என்றும், தற்போதைய ரஷ்யப் பகுதியையே அடித்தளமாகக்கொண்டு புதிய நிலையம் அமைக்கலாம் என்றும் கூறப்பட்டது.

அந்த அடித்தளம் எத்தகையது? ஸ்வெஸ்தாவின் உடற்கூடு மிர்-2 நிலையத்துக்காக 1980 களின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது. அதன் பின்புறச் சுரங்கவழியில் 2019 இலேயே காற்றுக்கசிவு கண்டறியப்பட்டது. வெடிப்பின் காரணம் என்ன, ஆபத்தின் அளவு என்ன என்பதில் நாசாவுக்கும் ரொஸ்கொஸ்மொஸுக்கும் இடையே உடன்பாடு ஏற்படவில்லை என்று நாசாவின் கணக்காய்வுத் தலைமையகம் 2024 இல் எழுதியது. நௌகாவின் உடற்கூடு 1990 களைச் சேர்ந்தது. இருக்கும் சுவரில் வீடு கட்டலாம் என்ற 2004 ஆம் ஆண்டுக் கணக்கையே மீண்டும் போட்டிருக்கிறார்கள். அன்று ஒரு கலத்துக்குப் போட்ட கணக்கு, இன்று முழு நிலையத்துக்கும்.

2025 நவம்பர் 27 ஆம் திகதி சோயுஸ் வீரர்களை ஏற்றிச் சென்றபோது பைக்கனூரின் 31 ஆம் இலக்க ஏவுதளத்தில் பராமரிப்பு மேடை பெயர்ந்து கீழே விழுந்தது. ரஷ்யா தன் வீரர்களை அனுப்பப் பயன்படுத்திவந்த ஒரே தளம் அது. வீரர்கள் பத்திரமாகச் சென்றார்கள். மேடை ஏன் விழுந்தது என்பதைவிட, ஒரே தளத்தை நம்பி ஒரு வல்லரசு எத்தனை ஆண்டுகள் காலம் தள்ளியது என்பதே என்னை வியக்கவைத்தது. 2022 இல் உக்ரேனில் தொடங்கிய போரின் செலவும் தடைகளும் சேர்ந்த நிலையில், 2028 என்ற திகதியை நம்பச் சொல்பவர்கள் எந்த ஆதாரத்தின்மேல் நம்பச் சொல்கிறார்கள்?

திகதி செய்தியாகுமா?

பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் நீண்டகாலம் பணியாற்றியவன் என்ற முறையில் 'ஏவப்படவுள்ளது' என்ற சொல்லில் எனக்கு எப்போதும் ஐயம் உண்டு. செய்தி முகவரகம் ஒரு திகதியை அனுப்புகிறது. உதவி ஆசிரியர் அதைத் தலைப்பில் இடுகிறார். அந்தத் திகதி வந்து, ஒன்றும் நடவாமல் கடந்துபோகிறது. நடவாதது செய்தி இல்லை; ஆகவே அதைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. புதிய திகதி அறிவிக்கப்படும்போது மீண்டும் 'ஏவப்படவுள்ளது'. இவ்வாறாக, வாசகருக்குக் கிடைப்பவை எதிர்காலங்கள் மட்டுமே. அவற்றுள் எது இறந்தகாலமாயிற்று என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. அதிகாரிகளுக்கு இது மிகவும் வசதியான ஏற்பாடு.

திகதி கூறுபவரிடம் ஒரு பத்திரிகையாளன் கேட்கவேண்டியவை மூன்று கேள்விகள். முன்பு கூறிய திகதி ஏன் தவறியது? அந்தக் காரணம் இப்போது நீங்கிவிட்டதா? நீங்கியதென்பதை உங்களைத் தவிர வேறு யார் பரிசோதித்தார்கள்? நௌகாவின் பதினான்கு ஆண்டுகளிலும் இந்த மூன்று கேள்விகளுக்கும் பகிரங்கமான பதில் கிடைத்திருந்தால் குழாயில் கண்ட துகளைத் தாங்கியிலும் தேட நான்காண்டுகள் ஆகியிருக்காது. ஜூலை 29 ஆம் திகதி ஏழு பேர் விண்ணில் சுழன்றிருக்க வேண்டியும் வந்திராது.

பிந்துவது குற்றமில்லை. விண்வெளியில் அவசரப்பட்டவர்கள் அழிந்திருக்கிறார்கள், காத்திருந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள். ஏன் பிந்தியது என்று சொல்லாமல் அடுத்த நாளைக் குறிப்பதுதான் குற்றம். அது அந்தக் கலத்தில் ஏறப்போகும் வீரர்களுக்குச் செய்யும் துரோகம். அதைக் கட்டும் தொழிலாளர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. ககாரினின் பெயரை இன்றும் மரியாதையோடு உச்சரிக்கும் நம்போன்றவர்களை ஏமாற்றும் வேலையும்கூட.

ஆகவே, நண்பர்களே, 2028 இல் அறிவியல்-மின்சக்திக் கலம் ஏவப்படவுள்ளது என்ற செய்தியை அடுத்தமுறை படிக்கும்போது மகிழ்ச்சியடைய அவசரப்படவேண்டாம். 2025 எங்கே போயிற்று, 2027 எங்கே போயிற்று என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாதவரை, மொஸ்கோவில் குறிக்கப்படும் நாள் வெறும் நாள்தான். அதை ஏவுதலுக்கான திகதி என்று எண்ணி ஏமாறவேண்டாம்.